உப்பும் உரிமையும்: மரக்கானம் உப்பளக் கடற்கரையை முன்வைத்து வளரிளம் பருவத்தினருக்கான அடிப்படை உரிமைக் கல்வி – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இந்திய அரசமைப்பின் அடிப்படை உரிமைகள் பள்ளிகளில் பெரும்பாலும் உறுப்பு எண்களின் பட்டியலாகவே கற்பிக்கப்படுகின்றன. அவ்வுரிமைகள் உருவான வரலாற்றில் உப்புக்கு நேரடியான பங்கு உண்டு. 1930ஆம் ஆண்டின் உப்புச் சட்ட மறுப்பு, 1931ஆம் ஆண்டின் கராச்சித் தீர்மானம், 1948ஆம் ஆண்டின் அரசியல் நிர்ணய சபை விவாதம், உப்பளத்தைத் தொழிற்சாலை என ஏற்ற 1961ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றை ஒரே தொடராக வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. அத்தொடரின் வழியே, 14 வயது என்னும் எல்லை எவ்வாறு பிறந்தது, அவ்வெல்லையைக் கடந்த மாணவர்க்குச் சட்டம் எவ்வளவு காவலாக அமைகிறது, மரக்கானம் போன்ற உப்பளக் கடற்கரையின் வகுப்பறையில் இவ்வரலாற்றை எவ்வாறு கற்பிக்கலாம் என்பன விளக்கப்படுகின்றன.

திறவுச் சொற்கள்

மரக்கானம், உப்பளம், அடிப்படை உரிமைகள், கராச்சித் தீர்மானம், குழந்தைத் தொழில், கல்வி உரிமை, குடிமையியல்.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ளது மரக்கானம். வடக்கிலிருந்து கடற்கரையோடு இணைந்து வரும் பக்கிங்காம் கால்வாய் இப்பகுதியில் முடிவடைகிறது. 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி உவர்நீர் ஏரி இதற்கு அருகில் உள்ளது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பாத்திகள் சீர்செய்யப்பட்டு, கோடையில் உப்பு மிகுதியாக விளைகிறது. அடுத்த மழை தொடங்கியதும் உற்பத்தி நின்றுவிடுகிறது. உப்பளத் தொழிலாளரின் வருவாயும் இப்பருவத்தோடு ஏறி இறங்குகிறது. மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் தமிழ்நாடு அரசின் திட்டம் இந்நிலையை ஏற்றுக்கொண்டதன் விளைவேயாகும்.

இக்கடற்கரையில் பயிலும் மாணவர் ஒருவர் பத்தாம் வகுப்புக்குள் உப்புச் சத்தியாகிரகத்தையும் படிக்கிறார், அடிப்படை உரிமைகளையும் படிக்கிறார். முன்னது வரலாற்றுப் பகுதியிலும் பின்னது குடிமையியல் பகுதியிலும் இடம்பெறுகின்றன. இரண்டையும் இணைத்துக் காட்டும் பொறுப்பு ஆசிரியரைச் சார்ந்தது. அவ்விணைப்பு விடுபடும்போது, உரிமை என்பது எங்கோ தொலைவில் எழுதி வழங்கப்பட்ட ஒன்று என்னும் எண்ணமே மாணவரிடம் எஞ்சுகிறது. இவ்விணைப்புக்கான வரலாற்றுச் சான்றுகளைத் தொகுத்துக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உப்பின் மீதான ஆட்சி

சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலத்து உப்பு விளைவும், அதனை வண்டிகளில் ஏற்றி உள்நாடு சென்ற உமணரின் வாழ்வும் பலவிடங்களில் பேசப்படுகின்றன. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் குறிக்கப்படும் எயிற்பட்டினம் மரக்கானமே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். ஆகவே இக்கடற்கரையின் வாழ்வு தொன்மையானது என்பதில் ஐயமில்லை. உப்பு விளைவிப்பதே குற்றமாகக் கருதப்பட்ட நிலையோ அண்மைக் காலத்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1805ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமை ஆக்கியது. அதன்பின் உப்பு விளைவிப்போர் அரசு குறித்த விலைக்கு அரசிடமே விற்க வேண்டியதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆயத்தீர்வை முறையும் புகுத்தப்பட்டது. 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் உரிமம், கண்காணிப்பு, சோதனை, தண்டனை ஆகியவற்றை முறைப்படுத்தியது. கடலோரத்தில் இயல்பாகப் படிந்த உப்பை வீட்டுத் தேவைக்கு அள்ளுவதும் இதனால் தண்டனைக்குரியதாயிற்று. 1923ஆம் ஆண்டு மணங்கு ஒன்றுக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த உப்பு வரி இரண்டரை ரூபாயாக இரட்டிக்கப்பட்டது. மத்திய சட்டமன்றம் மறுத்தும் அரசுப் பிரதிநிதி தம் தனியதிகாரத்தால் அதனை நிறைவேற்றினார். அடுத்த ஆண்டு பழைய அளவு மீண்டும் வந்தது. மக்கள் பேராளர் மறுத்த வரியையும் ஆட்சியாளர் விதிக்க இயன்ற இந்நிகழ்வு, சட்டம் இருப்பதும் உரிமை இருப்பதும் ஒன்றல்ல என்பதற்குத் தெளிவான சான்றாகும்.

வேதாரண்யமும் கராச்சியும்

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்டனர். ஏப்ரல் 30 அன்று அங்கு உப்பெடுத்துச் சட்டத்தை மீறினர். சென்னையில் டி. பிரகாசம், கே. நாகேசுவர ராவ் ஆகியோர் இப்போராட்டத்தை நடத்தினர். வேதாரண்யப் போராட்டத்தில் சிறை சென்ற ருக்மணி இலட்சுமிபதி, உப்புச் சத்தியாகிரகத்தில் தண்டனை பெற்ற முதல் பெண்மணியாகக் குறிக்கப்படுகிறார்.

இப்பயணத்தில் ஒரு நிகழ்வு உரிமைக் கல்விக்குச் சிறப்பாகப் பயன்படத்தக்கது. தொண்டர்களுக்கு உணவும் தங்குமிடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் ஜே. ஏ. தார்ன் எச்சரித்தார். ஊர்மக்கள் உணவுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டிவைத்துத் தொண்டர்களின் பசி தீர்த்தனர். விருந்தோம்பலையே குற்றமாக்கும் ஆணையை எதிர்த்து முறையிட அன்று மக்களுக்கு உறுதியளிக்கப்பட்ட அடிப்படை உரிமை எதுவும் இல்லை. அவர்களுக்கு இருந்த வழி மீறல் ஒன்றே.

1931ஆம் ஆண்டு மார்ச் 5 அன்று கையெழுத்தான காந்தி – இர்வின் உடன்பாடு, உப்பு கிடைக்கும் இடங்களை ஒட்டிய ஊர்மக்கள் வீட்டுத் தேவைக்கும் தம் ஊருக்குள் விற்பனைக்கும் உப்பெடுக்க இசைந்தது. வெளியூராருடன் வாணிகம் செய்ய இசையவில்லை. அது ஆட்சியாளர் தந்த சலுகை மட்டுமே. அதே மாத இறுதியில் வல்லபாய் படேல் தலைமையில் கராச்சியில் கூடிய காங்கிரஸ், அடிப்படை உரிமைகளும் பொருளாதாரத் திட்டமும் பற்றிய தீர்மானத்தை நிறைவேற்றியது. பேச்சுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, சாதி, சமயம், பால் வேறுபாடற்ற சமத்துவம் ஆகியவற்றோடு, வாழ்க்கைக்குப் போதிய கூலி, அடிமை நிலையை ஒத்த உழைப்பிலிருந்து விடுதலை, பெண் தொழிலாளர் பாதுகாப்பு, கட்டணமில்லாத் தொடக்கக் கல்வி, பள்ளி வயதுக் குழந்தைகளைத் தொழிற்சாலை வேலையில் அமர்த்தத் தடை ஆகியவையும் அதில் இடம்பெற்றன. உப்பின் மீது வரி கூடாது என்பதும் அதே பட்டியலில் ஓர் உறுப்பாக அமைந்தது.

இத்தீர்மானத்தின் சிறப்பு, பேச்சுரிமையையும் உப்பையும், வாக்குரிமையையும் கூலியையும் ஒரே வரிசையில் வைத்ததாகும். உப்பு வரி 1947ஆம் ஆண்டு ஏப்ரலில் நீக்கப்பட்டதால் அக்கோரிக்கை அரசமைப்பில் இடம்பெற வேண்டிய தேவை எழவில்லை. ஏனைய கோரிக்கைகளோ 1950ஆம் ஆண்டின் அரசமைப்பில் இரு கூறுகளாகப் பிரிந்தன. பேச்சுரிமை, சமத்துவம், கட்டாய உழைப்புத் தடை, குழந்தைத் தொழில் தடை ஆகியவை நீதிமன்றத்தில் நிலைநாட்டத்தக்க அடிப்படை உரிமைகளாயின. கூலியும் கல்வியும் அரசு நெறிமுறைக் கோட்பாடுகளுக்குள் சென்றன.

14 வயது என்னும் எல்லை

இப்பிரிவினையில் கல்விக்கு நேர்ந்தது தனித்துக் கருதத்தக்கது. வரைவு அரசமைப்பின் 36ஆம் உறுப்பு, கட்டணமில்லாத் தொடக்கக் கல்வி குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் உரியது என்று தொடங்கியது. 1948ஆம் ஆண்டு நவம்பர் 23 அன்று நடந்த விவாதத்தில், நெறிமுறைக் கோட்பாடுகளின் பகுதியில் உரிமையைக் குறிக்கும் அத்தொடர் பொருந்தாது என்று லட்சுமி காந்த மைத்ரா திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதனை ஏற்றார். இதனால் கல்வி, உரிமை என்னும் நிலையிலிருந்து அரசின் முயற்சி என்னும் நிலைக்கு இறங்கியது.

அதே நாளில், இவ்வுறுப்பைத் தொடக்கக் கல்வியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற மற்றொரு திருத்தத்தை அம்பேத்கர் மறுத்தார். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று வரைவின் 18ஆம் உறுப்பு கூறுவதால், அவ்வயது வரை குழந்தை கல்வி நிலையத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் காட்டிய காரணம். அந்த 18ஆம் உறுப்பே இன்றைய 24ஆம் உறுப்பாகும். எனவே 14 வயது என்பது தற்செயலாக ஈரிடங்களில் எழுதப்பட்ட எண் அன்று. வேலையிலிருந்து விலக்கப்படும் குழந்தைக்குப் பள்ளியில் இடம் வேண்டும் என்னும் ஒரே தருக்கத்தின் இரு பக்கங்கள் அவை. வேலைக்கான குறைந்த வயது கட்டாயக் கல்வி முடியும் வயதுக்குக் குறையலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 138ஆம் உடன்படிக்கை பின்னாளில் கூறியதும் இதே தருக்கமே. இந்தியா அவ்வுடன்படிக்கையை 2017ஆம் ஆண்டு ஏற்றது.

இத்தருக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு. இரு காவல்களும் ஒரே வயதில் முடிகின்றன. 15ஆம் வயதில் அடியெடுத்து வைக்கும் மாணவர், கல்வி உரிமையையும் குழந்தைத் தொழில் தடையையும் ஒருசேர இழக்கிறார். அடிப்படை உரிமைகளைப் பாடமாகக் கற்கும் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவரில் பெரும்பாலோர் இவ்வயதினரே.

நீதிமன்றம் சென்ற உப்பளம்

24ஆம் உறுப்பு தொழிற்சாலை, சுரங்கம், அபாயகரமான பிற வேலை ஆகிய மூன்றையே குறிக்கிறது. திறந்த வெளியில், வெயிலும் காற்றும் தொழில் செய்யும் உப்பளம் தொழிற்சாலையாகுமா என்னும் வினா இங்கு எழுகிறது. அர்தேஷிர் எச். பிவாண்டிவாலா எதிர் பம்பாய் மாநிலம் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961ஆம் ஆண்டு இவ்வினாவுக்கு விடையளித்தது. கட்டடம் இல்லாத நிலம் தொழிற்சாலை வளாகம் ஆகாது. கடல்நீரை உப்பாக்குவது இயற்கையே, மனிதர் செய்யும் உற்பத்தி அன்று என்பன உப்பள நடத்துநரின் வாதங்கள். நீதிமன்றம் இவற்றை ஏற்கவில்லை. வளாகம் என்பதில் திறந்த நிலமும் அடங்கும் என்றும், நீரைப் பாத்திகளுக்குள் விடுவது முதல் உப்பைத் திரட்டுவது வரை மனித உழைப்பு உள்ளதால் அது உற்பத்தியே என்றும் முடிவு செய்தது.

இத்தீர்ப்பு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் சொற்பொருள் பற்றியது; எனினும் 24ஆம் உறுப்பில் வரும் தொழிற்சாலை என்னும் சொல்லை உப்பளத்துக்குப் பொருத்திக் காண அது வலுவான துணையாகும். 14 வயது நிறைவடையாத குழந்தையைத் தொழிற்சாலையில் வேலை செய்ய விடக் கூடாது என்றும், அதற்கு மேற்பட்ட வளரிளம் பருவத்தினர் மருத்துவரின் தகுதிச் சான்று பெற வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. ஆயினும், மின்விசை பயன்படும் இடத்தில் பத்துப் பேரும் பயன்படாத இடத்தில் இருபது பேரும் என்னும் தொழிலாளர் எண்ணிக்கையை அச்சட்டம் வரையறையாகக் கொண்டிருந்தது. சிறு குத்தகையாளரின் பாத்தியில் பெற்றோருடன் உழைக்கும் சிறுவன் அவ்வரையறைக்கு வெளியே நிற்க நேரும்.

1982ஆம் ஆண்டு, தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் மேலும் இரு கோட்பாடுகளை நிறுவியது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாக ஊதியம் தந்து வேலை வாங்குவது 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பாகும் என்பது ஒன்று. தனிச்சட்டத்தின் அட்டவணையில் இல்லாவிடினும், அபாயகரமான வேலைக்கு 24ஆம் உறுப்பு நேரடியாகப் பொருந்தும் என்பது மற்றொன்று. ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் நீதிபதி பகவதிக்கு எழுதிய கடிதமே இவ்வழக்கின் தொடக்கம் ஆகும்.

சிவகாசித் தீப்பெட்டித் தொழில் பற்றிய எம். சி. மேத்தா வழக்கில், 1996ஆம் ஆண்டு டிசம்பர் 10 அன்று வெளியான தீர்ப்பு, குழந்தையின் உரிமையைக் குடும்பத்தின் வறுமையோடு சேர்த்துக் கண்டது. சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியில் செலுத்த வேண்டும். குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு முயல வேண்டும். இயலாவிடில் 5,000 ரூபாயை அரசு அந்நிதியில் சேர்க்க வேண்டும் என அது ஆணையிட்டது. கல்வியும் படிப்படியாக உரிமை நிலைக்கு மீண்டது. 1993ஆம் ஆண்டு உன்னிகிருஷ்ணன் வழக்கின் தீர்ப்பு 14 வயது வரையிலான கல்வியை வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்றது. 2002ஆம் ஆண்டின் 86ஆம் திருத்தம் 21அ உறுப்பைச் சேர்த்தது. அதற்கான 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1948இல் நீக்கப்பட்ட உரிமை திரும்பிவர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. திரும்பியபோதும் அது 14 வயதோடு நின்றது.

2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழில் சட்டத் திருத்தம், 14 முதல் 18 வயது வரையினரை வளரிளம் பருவத்தினர் எனப் பெயரிட்டு, அபாயகரமான தொழில்களில் மட்டும் அவர்களுக்குத் தடை விதித்தது. இந்தியா 1992ஆம் ஆண்டு இணைந்த குழந்தை உரிமைகள் உடன்படிக்கையோ 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தையாகவே கருதுகிறது. பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் சட்டமும் அவ்வாறே. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணமின்றிப் பயிலலாம் எனினும், 14 வயதுக்குப் பின் அது அரசின் கொள்கையால் கிடைப்பதேயன்றி அடிப்படை உரிமையால் கிடைப்பதன்று.

குடிமையியலும் உரிமைக் கல்வியும்

இவ்வரலாறு வகுப்பறைக்கு வராமைக்குப் பாடத்தின் பிறப்பும் ஒரு காரணமாகும். ஆட்சியின் மீது மக்களின் விசுவாசம் குறைந்துவந்த காலத்தில், கீழ்ப்படிதலையும் விசுவாசத்தையும் வளர்க்கும் பாடமாகவே குடிமையியல் இந்தியப் பள்ளிகளில் புகுந்தது என்பதைத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005இன் சமூக அறிவியல் அறிக்கை சுட்டுகிறது. அதனையொட்டித் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு, நடுநிலை வகுப்புகளுக்கான குடிமையியலைச் சமூக, அரசியல் வாழ்க்கை என்னும் பாடமாக மாற்றியமைத்தது.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னரே ஒரு முயற்சி தொடங்கிவிட்டது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட மக்கள் கண்காணிப்பகம் 1997ஆம் ஆண்டு பள்ளிகளில் மனித உரிமைக் கல்வியைத் தொடங்கியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்கு உரிய இத்திட்டம் பின்னர் பிற மாநிலங்களுக்கும் பரவியது. இதனை ஆராய்ந்து மோனிஷா பஜாஜ் 2012ஆம் ஆண்டு நூலொன்றை வெளியிட்டார். குழந்தைத் திருமணம், சாதிப் பாகுபாடு, பள்ளித் தண்டனை ஆகியவற்றில் மாணவர் தலையிட்டமையை அவர் பதிவு செய்துள்ளார். அவ்வாறு தலையிட்ட ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர் எதிர்ப்புக்கு உள்ளானமையையும் பதிவு செய்துள்ளார். உரிமையைக் கற்பித்துவிட்டு, அதனைக் கேட்கும் குழந்தையைத் தனியே விட்டுவிடலாகாது என்பது இதிலிருந்து பெறப்படும் பாடமாகும். பெற்றோரின் வேலை ஒரே குத்தகையாளரின் கையில் இருக்கும் உப்பள ஊரில் இது மேலும் பொருந்தும்.

மரக்கானம் வகுப்பறைக்கான வழிகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து கற்பித்தலுக்கு மூன்று வழிகள் புலப்படுகின்றன.

முதலாவது, உப்புப் பாத்தியையே பாடமாகக் கொள்ளுதல். அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் உப்பு ஒன்றியப் பட்டியலின் 58ஆம் பதிவாக உள்ளது. தொழிலாளர் நலனும், 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்துக்குப் பின் கல்வியும் பொதுப்பட்டியலில் உள்ளன. ஒரே பாத்தியின் உப்பும், அதனை வாரும் தாயும், அவர் மகளின் பள்ளியும் எந்தெந்த அரசின் பொறுப்பில் வருகின்றன என்று கண்டறியும் மாணவர், கூட்டாட்சி என்னும் கருத்தைத் தம் ஊரிலிருந்தே விளங்கிக்கொள்வர்.

இரண்டாவது, உரிமையோடு அதன் பரிகாரத்தையும் கற்பித்தல். 32ஆம் உறுப்பையே அரசமைப்பின் உயிராகவும் இதயமாகவும் அம்பேத்கர் கருதினார். அதன்வழி உச்ச நீதிமன்றத்தையும், 226ஆம் உறுப்பின்வழி உயர் நீதிமன்றத்தையும் அணுகலாம் என்பதை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். அதற்கு முன் உள்ள படிகள் அவர்களுக்கு அண்மையில் இருப்பவை: பள்ளி மேலாண்மைக் குழு, 1098 என்னும் குழந்தைகள் உதவி எண், தொழிலாளர் துறை அலுவலர், வட்டச் சட்டப் பணிகள் குழு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளிக்கிறது. ஒரு கடிதமே 1982ஆம் ஆண்டு வழக்காயிற்று என்பதை அறிந்த வகுப்பில், மனு எழுதும் பயிற்சி மொழிப்பாடத்தோடு இணையலாம்.

மூன்றாவது, சட்டத்தின் இடைவெளியை மறைக்காமல் கற்பித்தல். உப்பு மிகுதியாக விளையும் கோடையில்தான் பள்ளி விடுமுறையும் வருகிறது. எட்டாம் வகுப்பை முடித்த மாணவர் ஒன்பதாம் வகுப்புக்குத் திரும்புவதா, பாத்தியில் நிலைப்பதா என்பதைக் குடும்பத்தின் கடனும் கூலியும் அக்கோடையில் முடிவு செய்துவிடக் கூடும். அவ்வயதில் அரசமைப்பின் காவல் குறைகிறது என்பதை மாணவர் அறிய வேண்டும். 1931இல் கோரப்பட்ட கல்வி உரிமை 1948இல் நீக்கப்பட்டு 2002இல் மீண்டது என்பதை அறிபவர், 14 என்னும் எல்லையும் மாற்றத்துக்குரியதே என்பதை உணர்வர். இடைப்பட்ட காலத்தில் தகுதிச் சான்று, குறைந்தபட்சக் கூலி, கட்டாய உழைப்புத் தடை ஆகியவை தமக்கு எந்த அளவுக்குத் துணை நிற்கும் என்பதையும் அறிவர்.

முடிவுரை

உப்புக்கான போராட்டம் அடிப்படை உரிமைப் பட்டியலின் உருவாக்கத்தில் கலந்துள்ளது. கராச்சித் தீர்மானம் ஒன்றாக வைத்த உரிமைகளை அரசமைப்பு இரண்டாகப் பிரித்தது. நீதிமன்றத் தீர்ப்புகளும் திருத்தங்களும் அவற்றுட் சிலவற்றை மீண்டும் இணைத்தன. 14 வயது என்னும் எல்லை, வேலைத் தடையையும் கல்வியையும் இணைத்த 1948ஆம் ஆண்டின் தருக்கத்தால் நிலைபெற்றது. அதே தருக்கத்தை 18 வயது வரை நீட்டாமை இன்றைய குறையாக உள்ளது. உப்பளமும் தொழிற்சாலையே என்னும் 1961ஆம் ஆண்டுத் தீர்ப்பு உப்பளப் பகுதிகளின் உரிமைக் கல்வியில் இடம்பெறத் தக்கது. மரக்கானத்தின் மாணவர்க்கு இவ்வரலாறு புறச்செய்தி அன்று. அவர்தம் குடும்பத் தொழிலின் வரலாறு அது. வரலாற்றுப் பாடத்தையும் குடிமையியல் பாடத்தையும் இணைத்துக் கற்பிக்கும் ஆசிரியர்க்குப் புதிய பாடநூல் தேவையில்லை. இருக்கும் இரு பாடங்களுக்கும் இடையே 1931ஐயும் 1948ஐயும் 1961ஐயும் வைத்துக் கற்பித்தலே போதுமானது. அவ்வாறு கற்ற மாணவர் ஒன்பதாம் வகுப்பின் வாயிலில் நிற்கும்போது, தமக்கு எது உரிமை, எது சலுகை, எது இன்னும் பெற வேண்டியது என்பதைப் பிரித்தறியும் நிலையில் இருப்பர்.